டிரம்முக்குப் போர்த்திய என் போர்வை

மூக்கைப் பொத்திக்கொள்வதானால் தாராளமாகப் பொத்திக்கொள்ளுங்கள் தம்பி. நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். இந்தக் கேனில்தான் இருக்கிறது சமாச்சாரம். மூடி இறுக்கம்தான், ஆனாலும் கொஞ்சம் கசியும் என்று கொடுத்த சாரே சொன்னார். ஏறும்போதே கண்டக்டர் முகத்தைச் சுளித்தார். "என்ன பெரியவரே, செத்த மீனா?" என்றார். தூத்துக்குடியிலிருந்து வேம்பாருக்கு யாராவது மீன் கொண்டுபோவார்களா? அங்கே இல்லாத மீனா?

எனக்கு எப்படி நாறுகிறது என்று தெரியாது. தெரியாது என்றால் தெரியவே தெரியாது. மூக்கு செத்துப்போய்ப் பல வருஷம் ஆகிறது. ஐஸ் பிளான்ட்டில் ஆபரேட்டராக இருந்தவன் நான், சந்தியாகு என்றால் தெரியும். ஐஸ் உறைய வைப்பது அமோனியா. ஒருநாள் வால்வு விட்டுக்கொண்டது. எல்லோரும் ஓடினார்கள், நான்தான் போய் அடைத்தேன். கண் எரிச்சல் நாலு நாளில் போய்விட்டது. மூக்கு திரும்பி வரவில்லை.

அதை நான் வீட்டில் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? எங்கள் வீட்டுக்காரி, பேர் விக்டோரியா, குழம்பு வைத்தால் தெருவே திரும்பிப் பார்க்கும் என்பார்கள். சட்டியை இறக்கிவிட்டு அடுப்படி வாசல்நிலையில் வந்து நிற்பாள். நான் என்ன சொல்கிறேன் என்று பார்ப்பாள். "ஏட்டி, வாசம் தெருவையே தூக்குது" என்பேன். அவள் உள்ளே போய்விடுவாள். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நிற்பாள்.

எப்படிச் சமாளித்தேன் என்று கேட்கிறீர்களா? அது பெரிய வித்தையா? வாசலில் செதில் கிடந்தால் மீன். பூனை உட்கார்ந்திருந்தால் நல்ல மீன். அம்மியில் மஞ்சள் கறை இருந்தால் அவியல் இல்லை, குழம்பு. கருவாடு என்றால் பக்கத்து வீட்டு சூசை மரியாள் சன்னலைச் சாத்துவாள். இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூடத் தப்பு சொன்னதில்லை. அதற்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டும், இல்லையா?

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்த சார் வரும்வரை.

ஜெபத்துரை சார் என்று பேர். ஆராய்ச்சிக்கூடத்து ஆள். இறால் உரிக்கிற ஷெட்டில் அப்போது என் வீட்டுக்காரி வேலை பார்த்தாள். உரித்த தலையும் ஓடும் மலைமாதிரி குவியும். ஓடையில் கொட்டுவார்கள். ஊரே நாறுகிறது என்று சண்டை. எனக்கென்ன, நான் ஒரு பக்கமும் பேசவில்லை. இந்த சார் வந்து பெண்களையெல்லாம் கூட்டி உட்காரவைத்து, "இது குப்பை இல்லம்மா. இந்த ஓட்டுக்குள்ள கைட்டின்னு ஒரு பொருள் இருக்கு. புண்ணுக்குக் கட்டுற துணியில இருந்து, பழத்து மேல பூசுற பூச்சு வரைக்கும் அதுல செய்யலாம்" என்றாராம். கம்பெனிகளில் அதை ஆசிட்டிலும் காரத்திலும் போட்டுத்தான் எடுப்பார்களாம். அந்தத் தண்ணீர் போகிற இடமெல்லாம் பாழ். இவர் சொன்னது வேறே வழி. ஓட்டைக் கழுவி, நொறுக்கி, கரும்புப்பாகு கலந்து, உறை ஊற்றி, டிரம்மில் அடைத்து வைத்துவிட வேண்டும். "பாலுக்கு உறைமோர் ஊத்துறோம்ல, அதே மாதிரிக் கிருமிதான். பாகைத் தின்னுட்டுப் புளிப்பைக் கக்கும். அந்தப் புளிப்பு ஓட்டுல இருக்கிற சுண்ணாம்பைக் கரைச்சிரும். சதையும் சாறாக் கழண்டுரும். மிச்சம் நிக்கிறது நமக்கு."

பத்துப் பதினைந்து பெண்கள் கேட்டார்கள். கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். என் வீட்டுக்காரி ஒருத்திதான் பிடித்துக்கொண்டாள். எங்கள் வீட்டுப் பின்கட்டில், தகரக் கொட்டகைக்குக் கீழே, நீல டிரம் வந்து உட்கார்ந்தது. ஒன்று. ஆனால் அந்த ஒன்றே போதுமாக இருந்தது.

தம்பி, கல்யாணமான ஆளா நீங்கள்? அப்படியானால் புரியும். ஒரு டிரம்மைப் பார்த்து ஒருவன் வயிறெரிவானா என்று நினைக்காதீர்கள். காலையில் எழுந்ததும் எனக்குக் காப்பி போடுவதற்கு முன்னால் அவள் போய் டிரம் மூடியைத் திறப்பாள். குனிந்து மூச்சை இழுப்பாள். முகம் ஒரு மாதிரி மலரும். அந்த முகத்தை நான் எப்போது பார்த்தேன் தெரியுமா? எங்களுக்குக் கல்யாணமான புதிதில், மாதா கோயில் திருவிழாவில், தேர் திரும்புகிற இடத்தில்.

வாடைக்காற்று அடிக்கிற மாதத்தில் டிரம் குளிரக்கூடாதாம். கிருமி விறைத்துப் போகுமாம். என் போர்வையை எடுத்துச் சுற்றிவிட்டாள். பச்சைக் கோடு போட்ட கனத்த போர்வை. நான் ஐஸ் பிளான்ட்டில் வேலை பார்க்கும்போது வாங்கியது. "அப்ப நான் என்னத்தைப் போர்த்த?" என்று கேட்டேன். "உமக்கு என்ன, ஐஸ்லயே கெடந்த ஆளு" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சரி, டிரம்மை விடுங்கள். அந்த சார் வாரத்துக்கு ஒருதரம் வருவார். நாற்பது வயது இருக்கும். மெலிந்த ஆள். சட்டைப் பையில் ஒரு சின்ன டப்பி, அதில் மஞ்சள் காகிதத் துண்டுகள். டிரம்மில் நனைத்து நிறம் பார்ப்பதற்கு. "விக்டோரியா மேடம்" என்று கூப்பிடுவார். மேடம்! நான் ஏட்டி என்று கூப்பிட்டுப் பழகியவளை ஒருவன் என் வீட்டு முற்றத்தில் நின்று மேடம் என்கிறான். அவளும் "வாங்க சார்" என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டு போகிறாள்.

இரண்டு பேரும் டிரம்முக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்பார்கள். அவள் மூடியைத் திறப்பாள். அவர் கண்ணை மூடிக்கொள்வார். "எப்படி இருக்கு மேடம்?" என்பார்.

அப்போது தொடங்குவாள் பாருங்கள்.

"நேத்து பழங்கஞ்சி மாதிரி இருந்துச்சு சார். இன்னிக்கு அது போயிட்டு. மேல லேசா அன்னாசி. பழுத்துக் கறுத்த அன்னாசி. அதுக்கு அடியில இறால் தலை வறுத்த வாசம். ஓரத்துல மட்டும் என்னமோ ஈரச்சாக்கு மாதிரி. அந்தப் பக்கம் கிண்டிவிடணும்."

அவர் கண்ணைத் திறக்கவே மாட்டார். "ம், ம், அப்புறம்?" என்பார். அவள் சொல்லிக்கொண்டே போவாள். இத்தனை வருஷம் என்னோடு குடும்பம் நடத்தியவள், அன்னாசி என்ற வார்த்தையை என்னிடம் சொன்னதே இல்லை. அவர்கள் இரண்டு பேரும் ஏதோ வேறு பாஷை பேசுவதுபோல, நான் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒருநாள் நானும் கிட்டே போய், "ஆமா, நல்ல வாசம்" என்றேன். இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவுதான். மறுபடி டிரம்முக்குள் குனிந்துகொண்டார்கள்.

மத்தியானம் அவருக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. சீலாக்கருவாடு, ஊளி மீன், அப்போதைக்கு எது நல்லதோ அது. தம்பி, அந்த மனிதர் ஒரு வார்த்தை சொல்லமாட்டார்! நன்றாக இருக்கிறது என்றோ, மணக்கிறது என்றோ ஒன்றும் கிடையாது. குனிந்த தலை நிமிராமல் சாப்பிடுவார். அவள் பக்கத்தில் நின்று ஏதோ சொல்லிக்கொண்டே இரண்டாவது துண்டை எடுத்துப் போடுவாள். சாப்பாட்டை நாளெல்லாம் புகழ்ந்து பேசுகிறவன் நான். எனக்கு வால் துண்டு. ஒன்றும் சொல்லாத ஆளுக்கு நடுத்துண்டு.

"சார், வீட்டம்மா என்ன செய்றாவ?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஸ்கூல்ல டீச்சரா இருக்காங்க அண்ணாச்சி."

"நல்லா சமைப்பாவளோ?"

"சமைப்பாங்க."

பார்த்தீர்களா? மழுப்பல். வீட்டில் சரியில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன். சூசை மரியாளிடமும் சொன்னேன். "ஓமக்கு வேற வேலையில்லையா சந்தியாகு?" என்றாள் அவள். அவளுக்கு என்ன தெரியும்?

இப்படி இருக்கும்போது, புண்ணுக்குக் கட்டுகிற துணி தயாரிக்கிற கம்பெனிக்காரர்கள் நேரில் வந்து பார்க்கிறோம் என்றார்கள். பிடித்துவிட்டால் வேம்பாரிலேயே பெரிய கொட்டகை, ஷெட்டுப் பெண்கள் பாதிப்பேருக்கு வேலை. வீட்டில் அதே பேச்சு. சரியாக அந்தச் சமயத்தில் புன்னைக்காயலில் அவளுடைய தங்கச்சி மகள் கல்யாணம். போகாமல் இருக்க முடியாது. போகுமுன் என்னை டிரம்முக்கு முன்னால் நிறுத்தினாள்.

"காலையில ஒருதரம், சாயந்தரம் ஒருதரம் திறந்து மோந்து பாரும். புளிப்பு வாசம் இருந்தா ஒண்ணும் செய்ய வேண்டாம். அழுகல் வாசம் வந்துச்சுன்னா, கக்கூஸ் மாதிரி மூக்குல ஏறுச்சுன்னா, ஒடனே பாகை ஊத்திக் கிண்டிட்டு சாருக்குப் போன் போடும். சந்தேகம்னா அந்தக் காகிதம் டப்பியில இருக்கு, நனைச்சுப் பாரும். மஞ்சளாவே நின்னா சரி. பச்சையா மாறிச்சுன்னா போச்சு."

"நான் பாத்துக்கிடுதேன், நீ போ" என்றேன்.

நீங்களே சொல்லுங்கள். நான் அந்தக் காகிதத்தைத் தொடுவேனா? அந்த ஆள் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த காகிதம். என் வீட்டில் இருக்கிற பொருள் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று அவர் காகிதம் வந்து எனக்குச் சொல்ல வேண்டுமா? கண் எனக்கு நன்றாகத்தான் தெரியும். மஞ்சளும் பச்சையும் தெரியாதவனா நான்? இருந்தாலும் தொடவில்லை.

காலையில் திறந்தேன். குனிந்தேன். மூச்சை இழுத்தேன். அவள் செய்கிற மாதிரியே கண்ணையும் மூடிப் பார்த்தேன். மூடினேன். சாயந்தரமும் அப்படியே. அவள் போன் பண்ணினாள். பின்னால் கல்யாண வீட்டு மேளம்.

"எப்படி இருக்கு?"

"நல்ல புளிப்பு வாசம்."

"அன்னாசி இருக்கா?"

"இருக்கு, இருக்கு. அன்னாசி, இறால் தலை, எல்லாம் இருக்கு."

"நெசமாவா?" என்றாள். அந்தக் குரலில் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! என்னிடம் அவள் அப்படிக் கேட்டதே இல்லை. அன்றைக்கு எனக்கும் நல்ல தூக்கம். வாடைக்காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது, டிரம்மில் சுற்றியிருந்த போர்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டேன். என் போர்வைதானே? அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, அதை நான் இன்றைக்கும் சொல்வேன். உறை சரியில்லை. அந்த சார் கொடுத்த உறை அந்தத் தடவை சரியில்லை. அதுதான் காரணம்.

மறுநாள் காலையில் டிரம்மைச் சுற்றி ஈ மொய்த்தது. பாகு தித்திப்புக்கு வந்திருக்கிறது என்று நினைத்தேன். சூசை மரியாள் மதில்மேல் தலையை நீட்டி, "ஏ சந்தியாகு, என்னத்த வே செத்துக் கெடக்கு உம்ம வீட்ல?" என்று கத்தினாள். கம்பெனிக்காரர்கள் வருகிற நாள் பாருங்கள், அவளுக்கு வயிற்றெரிச்சல். ஊரில் ஒருத்தி முன்னேறினால் பொறுக்காது சிலருக்கு. அந்தக் குணம் எனக்கு மட்டும் பிடிக்கவே பிடிக்காது.

நான் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, டிரம் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அவர்கள் கார் வந்தது, அந்த சாரும் அதில்தான் வந்தார். அதே நேரத்தில் புன்னைக்காயலிலிருந்து அவளும் பஸ்ஸில் இறங்கித் தெருமுனையில் வந்தாள். கல்யாணப் பட்டுச்சேலை. தெருமுனையிலேயே முந்தானையை எடுத்து மூக்கில் வைத்தாள். கம்பெனிக்காரர் ஒருவர் கர்ச்சீப் எடுத்தார். இன்னொருவர் எடுக்க நேரமில்லாமல் வேலிப்பக்கம் ஓடிப் போய் வாந்தி எடுத்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எழுந்து கும்பிட்டு, மூடியை நன்றாகத் திறந்து, "வாங்க, வாங்க, என்ன வாசம் பாருங்க!" என்றேன்.

அங்கே மூக்கைப் பொத்தாமல் நின்றது இரண்டே பேர். நானும் அந்த சாரும். அவள் முன்னால் மரியாதைக்காரன்மாதிரிக் காட்டிக்கொள்கிறார் என்று நினைத்தேன். அவர் ஒரு காகிதத்தை எடுத்து நனைத்தார். பச்சைப்பசேல் என்றது. "போச்சு மேடம்" என்றார்.

அவள் டிரம்மைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் அங்கே, அதன் வாய்க்குப் பக்கத்திலேயே, சாவகாசமாக மூச்சு விட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள்.

கார் போன பிறகுதான் கேட்டாள்.

"உமக்கு வாசம் தெரியாதா?"

நான் குனிந்து டிரம் மூடியைத் தேடினேன்.

"எப்ப இருந்து?"

"வால்வு விட்டுச்சுல்லா, அப்ப இருந்து."

"அப்போ என் கொழம்பு?"

அவள் கத்தியிருந்தால் பரவாயில்லை. பட்டுச்சேலையோடு உட்கார்ந்து டிரம்மைக் கழுவ ஆரம்பித்தாள். நான் தண்ணீர் மொண்டு கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து சோறு போடுகிறாள், எல்லாம் செய்கிறாள். ஆனால் சட்டியை இறக்கிவிட்டு நிலையில் வந்து நிற்பதில்லை. ஒரு தடவைகூட இல்லை. என்னமோ என் ஆயுசு பூராவும் நான் அவளை ஏமாற்றிவிட்ட மாதிரி. நல்லதைத்தானே சொன்னேன் தம்பி? கெட்டதாக ஒருநாளாவது சொன்னேனா?

இப்போது அந்த சார் அவளைத் தூத்துக்குடிக்கே கூப்பிடுகிறார். ஆராய்ச்சிக்கூடத்தில் மற்றப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டுமாம். விடுதியில் தங்கிக்கொள்ளலாமாம். வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்துபோகலாமாம். வந்துபோகலாமாம்! விருந்தாளி மாதிரி. "இன்னும் ஒருதரம் டிரம் போட்டுப் பாக்கேன் சார். அதுக்குப் பொறவு சொல்லுதேன்" என்றிருக்கிறாள். அந்த டிரம்முக்கு உறை வாங்கிவரத்தான் என்னை அனுப்பினாள். அவர் வாசலில் போய் என்னை நிற்க வைத்தாள் பாருங்கள். வேண்டுமென்றுதான் அனுப்பியிருக்கிறாள்.

போனேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. கேனைக் கொடுத்தார்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கலாமா? உங்களுக்கும் மூக்கு போச்சாமே? மேடம் சொன்னாங்க."

உங்களுக்கும்!

"எனக்குக் கொரோனாவுல போச்சு. பாதிகூடத் திரும்பல. மொதநாளே மேடம்கிட்ட சொல்லிட்டேன். எனக்குத் தெரியாது, நீங்க சொல்லுங்க, நான் கேட்டுக்கிடுதேன்னு. அவங்க சொல்லச் சொல்ல எனக்கு அந்த வாசம் அப்படியே வருது அண்ணாச்சி. சாப்பாடெல்லாம் எனக்கு மண்ணு மாதிரிதான். உங்க வீட்ல மட்டும் அவங்க பக்கத்துல நின்னு, இதுல வெந்தயம் இருக்கு, இதுல மாங்கா போட்டிருக்கேன்னு சொல்லிக்கிட்டே போடுவாங்க. அதான் ரெண்டு துண்டு சாப்பிடுவேன்."

நான் கேனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். போகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

எனக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மூக்கு இருக்கிறவனிடம் தோற்றேன் என்றாலும் ஒரு நியாயம். என்னைப் போலவே செத்த மூக்கு! அந்த மூக்கை வைத்துக்கொண்டு அவ்வளவு அன்னாசியையும் அவர் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு வரவேண்டியது.

தம்பி, ஒரு உதவி செய்யுங்கள். இந்த மூடியைக் கொஞ்சம் தளர்த்துகிறேன். மோந்து பார்த்து எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள். இறங்கினதும் அவள் கேட்பாளோ என்னவோ. நாலு வார்த்தை சரியாகச் சொல்லிவிட்டால் மூக்கு திரும்பி வருகிறது என்று நினைத்துக்கொள்வாள். என்ன? புளித்த தோசை மாவா? ம். அப்புறம்? வெல்லமா, கருப்பட்டியா? சரியாகச் சொல்லுங்கள், அவள் விடமாட்டாள். புளித்த மாவு, மேலே கருப்பட்டி. புளித்த மாவு, மேலே கருப்பட்டி.

என்ன சொல்கிறீர்கள்? அவளிடமே கேட்கவா?

எதற்கு? அந்த சார் கேட்டார் என்பதற்காக நானும் போய் அவர் மாதிரியே "எப்படி இருக்கு மேடம்?" என்று நிற்கவா? அவர் கேட்டு எச்சில் பண்ணிவைத்த கேள்வி அது. டிரம்மைப் பற்றியும் கேட்டாயிற்று, குழம்பைப் பற்றியும் கேட்காமலே வாங்கியாயிற்று. எனக்கென்று என்ன மிச்சம் வைத்திருக்கிறார்?

வைப்பாறு பாலம் தாண்டிவிட்டதா? அப்படியானால் இனி நேரமில்லை.

அதோ, கோயில் முக்கில் நிற்கிறாளே, குடையில்லாமல், அவள்தான். கேனுக்காக நிற்கிறாள், எனக்காக இல்லை, அது எனக்குத் தெரியும். கொஞ்சம் காலை ஒதுக்கிக்கொள்ளுங்கள், நான் இறங்க வேண்டும்.

இருங்கள். ஒன்று இருக்கிறது. இத்தனை வருஷமாக என் மேலே என்ன வாசம் அடிக்கிறது என்று எனக்கே தெரியாது, தெரியுமா? வேர்வையா, சோப்பா, இன்னும் அந்த அமோனியாவா, அல்லது வயசான வாசமா? பக்கத்தில் படுத்திருந்தவள் அவள்தானே, அவளுக்குத் தெரிந்திருக்கும். அதைக் கேட்கிறேன். கேனை இறக்கி வைத்துவிட்டு முதலில் அதைத்தான் கேட்பேன். நல்லதோ கெட்டதோ, அவள் சொல்லட்டும்.

எவ்வளவு படித்தவராக இருந்தாலும், அந்த சார் அதைப் போய் அவளிடம் கேட்க முடியாது அல்லவா?